ஒரு குறையும் இல்ல சார்

மத்தியானத்துக்கு மேல் டிரைவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். தகரக் கூரை பழுக்கக் காய்ந்து கிடந்த மாதம் அது. கட்டிலுக்குப் பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் இருக்கும். உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு சன்னலைப் பார்த்தபடியே கிடப்பார். தாகம் இல்லாமலா? குடித்தால் போக வேண்டும். போவதென்றால் அந்தக் குளியலறைக்குத்தான் போக வேண்டும்.

குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக இருந்த அறை அது. சமையலறையைத் தாண்டி, வீட்டின் பின்பக்கம் ஒட்டவைத்த மாதிரி நிற்கும். டிரைவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது கட்டியது. ஈரம் அடுப்படிக்குள் வரக்கூடாது என்று வாசலில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு வைக்கச் சொன்னவர் அவர்தான். இடத்தை மிச்சம் பிடிக்க ஒடுக்கமான கதவு போடச் சொன்னவரும் அவர்தான். உள்ளே குந்தி உட்காரும் பீங்கான். தரையில் முகம் தெரிகிற மாதிரி வழவழப்பான டைல்ஸ். அதற்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபிறகு, அவர் ஆசைப்பட்டு வைத்த ஒவ்வொன்றும் அவருக்கு எதிராகத் திரும்பியது.

பீங்கானுக்கு மேலே, நடுவில் ஓட்டை அறுத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிடித்துக்கொள்ளச் சன்னல் கம்பியில் முடிச்சுப் போட்ட கயிறு. முடியாத நேரத்துக்குக் கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட வாளி. அந்த வாளியை அவர் வெறுத்தார். அது நிறையக்கூடாது என்பதற்காகவே நாக்கைக் காயப்போட்டார்.

அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தடுப்பைத் தாண்ட வைப்பது அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். தெருவுக்கே அவள் வார்டம்மாதான். வாழ்நாளெல்லாம் குனிந்து துடைத்த இடுப்பு, இப்போது ஒரு ஆம்பிளையின் கனத்தையும் தாங்க வேண்டியிருந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நிற்பாள். வலியில் முகம் வெளுத்திருக்கும். “அவ்வளவுதானே, முடிஞ்சுதா?” என்று குரலில் மட்டும் ஒன்றுமில்லாத மாதிரி கேட்பாள்.

ஒரே மகள். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் அவளுக்கு வீட்டிலும் தெருவிலும் ஒரே பெயர், டிகிரி. பாதி பெருமை, பாதி நக்கல்.

டிகிரிதான் பக்கத்து வீட்டுப் பிளம்பரைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் தடுப்பின் மேல் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, இதைக் கட்டின புண்ணியவான் யாரு?”

“நான்தான்டா.”

“அதானே பார்த்தேன். பஸ்ஸுக்குப் படி வைக்கிற மாதிரியே வச்சிருக்கீங்க.”

“பேச்சைக் குறைச்சுட்டு வேலையச் சொல்லுடா,” என்று டிரைவர் கட்டிலில் இருந்தே சிரித்தார். சிரித்தால் அவர் வாய் ஒருபக்கம் மட்டும் போகும்.

“இந்தத் தடுப்பை உடைச்சுட்டா போதும்ல?” என்றாள் டிகிரி.

“உடைக்கலாம். உடைச்சா தண்ணி நேரா உங்க அடுப்படிக்கு வரும். மொத்தத் தரையையும் பேத்துச் சரிவை மாத்தணும். கதவை அகலப்படுத்தணும். இந்தச் சுவரு ஒத்தைக் கல்லு. இதுல கைப்பிடிக் கம்பி அடிச்சா, கம்பியும் அண்ணனும் சேர்ந்து வெளிய வந்துருவாங்க. அந்தப் பக்கம் புதுசா எழுப்பணும். அப்புறம் வெஸ்டர்ன், சொரசொரப்பான டைல்ஸ்...”

“நீளமாப் போகுதே.”

“என் கூலியை விட்டுரு டிகிரி. பொருளுக்கே உன் அரை வருஷச் சம்பளம் போயிரும்.”

வைத்தியத்துக்கு வாங்கிய கடனே பாதிதான் அடைந்திருந்தது. டிகிரி உதவி தேடி அலைய ஆரம்பித்தாள்.

உதவி கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று முதலில் புரிந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் கஷ்டம் புதிதில்லை. நீங்கள் மட்டும்தான் அதைப் புதிதாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வங்கியில் ஒரு பெண், “வீடு கட்டக் கடன் இருக்கு, கார் வாங்க இருக்கு, டூர் போகக்கூட இருக்கு. பாத்ரூமுக்குன்னு தனியா எதுவும் இல்லையே,” என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஓர் அறக்கட்டளை கைப்பிடிக் கம்பி மட்டும் வாங்கித் தருவதாகச் சொன்னது. பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு கழிப்பறையில் நிற்கிற மாதிரி, நன்கொடையாளரோடு ஒரு போட்டோ வேண்டுமாம். டிரைவர் சங்கத்தில் செயலாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அப்பாவைப் பற்றி நாலு கதை சொல்லிவிட்டுக் கடைசியில் கையை விரித்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது டிகிரி அதைச் சொன்னாள்.

“நிதி இருக்காம்பா. ஆனா உறுப்பினர் இறந்தாத்தான் கொடுப்பாங்களாம்.”

டிரைவர் முட்டையைப் பிய்த்துக்கொண்டே, “அப்ப கொஞ்ச நாள் பொறும்மா. அவசரப்பட்டு வேற எங்கயும் வாங்கிராத,” என்றார்.

“இந்த வாய்க்கு மட்டும் வாதம் வரல,” என்றாள் வார்டம்மா.

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

கடைசியாக, முதியோர் உதவிப் பிரிவு என்று நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அறை இருப்பது தெரியவந்தது. முதியோருக்கான பிரிவு மேல்மாடியில், லிஃப்ட் கிடையாது. இதைத் திட்டமிட்டவனைத் தேடிப் பிடித்து அவன் அம்மாவோடு அந்தப் படிகளில் ஏறவிட வேண்டும். அங்கே இருமிக்கொண்டே இருந்த குமாஸ்தா அம்மாள் மட்டும் நல்ல மாதிரி. முழுசாகக் கேட்டாள்.

“இதுக்குத் திட்டம் இருக்கும்மா. முக்கால்வாசிச் செலவை நாங்களே கொடுத்துருவோம். மீதியை நீங்க போட்டுக்கணும்.”

டிகிரிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. “என்ன பண்ணணும் மேடம்?”

“வீட்டுக்கு ஆய்வுக்கு ஆள் வருவாங்க. பெரியவர் எப்படிப் போறார், எப்படி வர்றார், எது இடைஞ்சல்னு பார்த்து எழுதுவாங்க. அவங்க எழுதுறதுதான் எல்லாம். அதுக்கு முன்னாடி எதையும் உடைக்காதீங்க, மாத்தாதீங்க. அவங்க தேவையில்லைன்னு எழுதிட்டா மறுபடி ஒரு வருஷம் கழிச்சுத்தான் கேட்க முடியும்.”

ஆய்வு நாளன்று கம்பெனியில் வருஷக் கணக்கு முடிப்பு. லீவு கேட்டதற்கு மேலாளர், “பாத்ரூமைப் பார்க்க வர்றாங்களா? அதுக்கு நீங்க எதுக்கு?” என்றார். காலையில் கிளம்பும்போது டிகிரி அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“அப்பாவுக்கு என்ன கஷ்டமோ அதை அப்படியே காட்டு. கூச்சப்படாதே.”

“எத்தனை தடவைடி சொல்லுவ? ஆய்வு எனக்குப் புதுசா? எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். நீ போ. நான் பார்த்துக்கறேன்.”

அந்தப் பதிலில் டிகிரிக்கு நிம்மதி வந்தது. பஸ்ஸில் நின்றபடி, வந்ததும் பிளம்பரிடம் டைல்ஸைப் பற்றிப் பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போனாள்.

வார்டம்மா சொன்னது பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் ஆய்வுக்கென்றே பேர் போனவள். மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்றால் கண்காணிப்பாளர் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார். உடைந்த ஸ்டூல், ஒழுகுகிற வாளி, கறை போகாத விரிப்பு எல்லாம் பின்பக்க அறைக்குள் போய்ப் பூட்டப்படும். குழாய் பளபளக்கும். கைப்பிடிக் கம்பிகளின் அடிப்பக்கத்தைக்கூடத் துடைப்பாள். வருகிறவர்கள் விரலை அங்கேதான் விட்டுப் பார்ப்பார்கள். நோயாளிகளுக்குத் தலை வாரிவிடுவாள். முனகுகிறவர்களிடம், “கொஞ்ச நேரம் பொறுத்துக்க ராசா, போயிருவாங்க,” என்பாள். குறை கண்டுபிடித்தால் முதலில் போவது துப்புரவுக்காரியின் வேலை. யார் என்ன கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. ‘ஒரு குறையும் இல்ல சார்.’

மகள் தெருமுனை தாண்டியதும் வார்டம்மா தலைமுடியை இழுத்துக் கட்டினாள். ஓட்டை நாற்காலியும் மூடி வாளியும் பிளம்பர் வீட்டு மொட்டைமாடிக்குப் போயின. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். முழங்காலுக்குத் துணி மடித்துப் போட்டுக்கொண்டு அந்த டைல்ஸைத் தேய்த்தாள். பவுடரும் பிரஷுமாக மூலை மூலையாகத் தேய்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டபோது அப்படியே தரையில் நெற்றியை வைத்துக் கிடந்து, விட்டதும் மறுபடி தேய்த்தாள். பிறகு டிரைவருக்கு முகம் மழித்து, உடம்பு துடைத்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டாள்.

“என்னடி, பொண்ணு பார்க்கவா வர்றாங்க?” என்றார் அவர்.

“பேசாம இருங்க. இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்களே, இவங்களுக்குக் கொடுத்தா வீணாப் போகாதுன்னு அவங்களுக்குத் தோணணும்.”

வந்தவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். கையில் ஒரு டேப்லெட். மரியாதையானவன், கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்க்கவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

“எப்படி இருக்கீங்க ஐயா?”

“நல்லா இருக்கேன் தம்பி.”

“தனியா நடப்பீங்களா?”

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், வார்டில் நிற்கிற மாதிரியே.

“நடப்பேன்,” என்றார்.

அவன் குளியலறையை எட்டிப் பார்த்தான். “அம்மா, ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க. எங்க ஆபீஸ் டாய்லெட்டை உங்ககிட்ட விடணும்.”

வார்டம்மாவின் முகம் மலர்ந்தது.

“இந்தத் தடுப்பு உயரமா இருக்கே. இதை எப்படித் தாண்டுறார்?”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

“மலைப்பாதையில வண்டி ஓட்டினவன் தம்பி நான். கொண்டை ஊசி வளைவுல ரிவர்ஸ் எடுத்தவன். இது ஒரு தடுப்பா?” என்று டிரைவர் கட்டிலைப் பிடித்து எழுந்தார். வார்டம்மா அவர் பின்னால் போய் நின்றாள். அவள் கை அவர் சட்டைக்கு அடியில், இடுப்பில் இருந்தது. சமையலறை வரை நடந்தார். நல்ல கையால் நிலையைப் பிடித்தார். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். பின்னாலிருந்து அவள் கொடுத்த தூக்கில் இடது காலும் உள்ளே போனது. கழுத்து நரம்பு புடைத்திருக்க, அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“சூப்பர் ஐயா!” என்றான் அவன். டேப்லெட்டில் எதையோ தொட்டான். “வேற ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

“ஒரு குறையும் இல்ல சார்.”

சாயங்காலம் டிகிரி செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“வந்தான்டி. நல்ல பையன். ஆபீஸ் டாய்லெட்டே இப்படி இல்லைங்கறான். ஒரு குத்தம் சொல்லல. அப்பாவும் அசத்திட்டாரு.”

“என்ன அசத்தினாரு?”

“தடுப்பைத் தாண்டிக் காட்டினாரே!”

டிகிரி பையைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். குளியலறை காலியாக மினுமினுத்தது. கம்பியில் கயிறு இல்லை.

“நாற்காலி எங்கம்மா?”

“பிளம்பர் வீட்டு மாடியில. நாளைக்கு எடுத்துக்கலாம்.”

“வாளி?”

“அதுவும்தான். அந்தக் கருமத்தை வர்றவன் கண்ணுல காட்டவா முடியும்?”

“காட்டத்தாம்மா கூப்பிட்டது! அந்தக் கருமத்தைக் காட்டத்தான் நான் மாடிமாடியா ஏறினேன்! என்ன சொன்ன அவன்கிட்ட? வாயைத் திறந்து சொல்லு, என்ன சொன்ன?”

வார்டம்மா சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. சொல்லி முடிக்கையில் அவளுக்கே தெரிந்துவிட்டது.

“குறை இல்லைன்னா எதுக்கும்மா கொடுப்பாங்க? பரிசா கொடுப்பாங்க?”

“அழுக்கா இருந்தா நம்மளைத்தானேடி கேவலமா நினைப்பாங்க...”

“கக்கூஸ் கழுவிக் கழுவி உன் புத்தியும் அப்படியே போயிருச்சு!”

அந்தக் கக்கூஸ் கழுவின காசில்தான் அவள் டிகிரி ஆனாள். மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதைச் சொல்லவில்லை. வார்டம்மா அடுப்படிக்குப் போய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த கயிற்றை எடுத்துவந்து, பழையபடி சன்னல் கம்பியில் கட்டத் தொடங்கினாள். முடிச்சு சரியாக விழவில்லை.

“அவளை ஏம்மா சொல்ற?” என்றார் டிரைவர் கட்டிலில் இருந்து. “தாண்டினவன் நான்.”

அவர் இடுப்புக்குக் கீழே போர்வை ஈரமாக இருந்ததை டிகிரி அப்போதுதான் கவனித்தாள். மதியம் ஆய்வுக்கு வந்தவன் போனதிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை. மறுபடி தூக்க மனைவிக்குத் தெம்பில்லை என்று தெரிந்து, கூப்பிடாமலே இருந்திருக்கிறார்.

முடிவு போனில் வந்தது. ‘தற்போது மாற்றம் தேவைப்படவில்லை.’ டிகிரி மேல்மாடிக்கு ஓடினாள். குமாஸ்தா அம்மாள் இருமி முடித்துவிட்டுப் பார்த்தாள்.

“இங்க வர்றவங்க நல்லா நடக்கிறவங்களைக்கூடப் படுக்க வச்சுக் காட்டுவாங்கம்மா. உங்க வீட்டுல படுத்தவரை எழுப்பி நடக்க வச்சிருக்கீங்க. நான் என்னன்னு எழுதட்டும்?”

“மறுபடி ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்க மேடம். நான் பக்கத்துலயே இருக்கேன்.”

“ஒரு வருஷம் ஆகணும். என் கையில இருந்தா நாளைக்கே அனுப்புவேன்.”

அவள் கையில் இல்லை. அங்கே எதுவுமே யார் கையிலும் இல்லை. படி இறங்கும்போது டிகிரிக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. எதிரே கைத்தடியோடு ஒரு கிழவர், படிக்கு ஒரு தடவை நின்று மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். ஒதுங்கி வழிவிட்டாள்.

மழை வந்தது. டிரைவர் காலையிலும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். டீயைப் பாதியில் வைத்துவிடுவார். வார்டம்மா கெஞ்சினாள்.

“குடிங்க. நான் தூக்க மாட்டேன்னு சொன்னேனா?”

“தாகம் இல்லடி.”

“என் மேல கோபமா?”

“உன் இடுப்பு மேல.”

ஒருநாள் காலையில் காய்ச்சல் தூக்கிப் போட்டது. சிறுநீர் பழுப்பாக, எரிச்சலோடு சொட்டியது. அவர் எங்கேயோ பஸ் ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து, “பின்னால தள்ளிப் போங்க, உள்ள இடம் இருக்கு,” என்று கத்தினார். பிளம்பர்தான் வண்டி பிடித்துவந்தான். வார்டம்மா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. தண்ணீர் போதாமல் சிறுநீர்ப் பாதையில் கிருமி என்றார்கள். நரம்பில் பாட்டில் ஏற்றினார்கள்.

முதியோர் வார்டின் கோடியில் கழிப்பறை. வாசலில் தடுப்பு கிடையாது. சக்கர நாற்காலி நுழைகிற கதவு, சொரசொரப்பான தரை, உட்கார்கிற உயரத்தில் பீங்கான், இரண்டு பக்கமும் சுவரில் வளைந்த கைப்பிடிக் கம்பி. காய்ச்சல் இறங்கியதும் டிரைவரை அங்கே நடத்திக் கூட்டிப்போனாள் வார்டம்மா. அவர் கம்பியைப் பிடித்தார். அவள் கையைத் தோளால் விலக்கினார்.

“நீ வெளிய நில்லு.”

தனியாகப் போனார். தனியாக வந்தார். படுக்கைக்குத் திரும்பியதும் ஒரு செம்புத் தண்ணீரைக் கீழே வைக்காமல் குடித்தார். “இன்னொண்ணு கொடு,” என்றார். அவர் மறுபடி உள்ளே போய் வந்த பிறகு, வார்டம்மா தானும் போய் நின்று பார்த்தாள். பழக்கத்தில் கம்பியின் அடிப்பக்கம் விரலை ஓட்டினாள். எத்தனையோ வருஷம் அதைத் துடைத்தவள். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒருநாளும் பிடித்துப் பார்த்ததில்லை. இப்போது இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். “வீட்டுல டாய்லெட் வசதியெல்லாம் எப்படி?”

டிகிரி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பழைய வாக்கியம் அந்த உதட்டுக்கு வந்து நிற்பது தெரிந்தது.

“இல்லைங்க,” என்றாள் வார்டம்மா. “ஒண்ணுமே சரியில்லைங்க. உள்ள நுழைய முடியாதுங்க. நான்தான் தூக்குறேன், எனக்கும் முடியல. நாற்காலியில ஓட்டை போட்டு வச்சிருக்கேன். வாளியில போறாரு. வாளி நிறையுதுன்னு தண்ணி குடிக்க மாட்டேங்கிறாரு. பார்க்க வந்தவர்கிட்ட எல்லாத்தையும் ஒளிச்சு வச்சுட்டேங்க. குறையே இல்லன்னு சொல்லிட்டேங்க. நான்தான் சொன்னேன்...”

அவள் நிறுத்தவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் கொஞ்சம் பொறுமையாகத்தான் கேட்டார்.

“இதையெல்லாம் அந்த ஆபீஸ்ல சொல்லணும்மா. நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க,” என்று அடுத்த படுக்கைக்குப் போனார்.

டிகிரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தாள். “பையை எடுத்துக்கவா?” என்றுதான் வந்தது. வார்டம்மா தலையாட்டினாள்.

வாசலில் வாடகை வண்டி வந்து நின்றது. செருப்பு மாட்டிய பிறகு டிரைவர், “ஒரு தடவை போயிட்டு வந்துர்றேன்,” என்றார்.

“இப்பத்தானேப்பா போனீங்க?”

“போயிட்டு வந்துர்றேம்மா.”

போனவர் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். விழுந்துவிட்டாரோ என்று டிகிரி ஓடிப்போய், சாத்தாத கதவின் இடுக்கில் பார்த்தாள். டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்தார். கொஞ்சம் நின்றார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். யாரும் தொடாமல், யாரையும் கூப்பிடாமல்.

அவள் ஓசைப்படாமல் பின்வாங்கினாள். ஹாரன் மறுபடி அடித்தது.

“அடிக்கட்டும்,” என்றாள் வார்டம்மா. பையைச் சுவரோரம் இறக்கி வைத்தாள். “அவரா வரட்டும்.”